போட்டோ இல்லாத முகத்துக்கு ஓர் ஆர்டர்

கையால் வரைந்த அசல் ஓவியங்களை இணையத்தில் விற்பவன் முதலில் கற்க வேண்டியது வரைதல் அன்று. 'இது பிரிண்ட் அவுட்தானே?' என்ற கேள்வியைப் பல்லைக் கடிக்காமல் படித்து, அதன்கீழ் கைகூப்பும் பொம்மை ஒன்றை இடுதல். இதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்திருக்கும் சக ஓவியர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

நான் இத்தொழிலுக்குத் தாமதமாக வந்தவன். பணிக்காலம் முழுவதும் வாய்மொழிக் கதைகளின் பாடபேதங்களைத் தொகுத்தேன். ஒரே கதையை ஊருக்கு ஒருவிதமாக, ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்வார்கள். எது சரி என்று தீர்ப்புக் கூறாமல் அனைத்தையும் எழுதிவைப்பதே என் வேலை. கதை கேட்கும்போது தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பழகிய பேனாக்கோட்டை மூலதனமாக்கி, ஓய்வுபெற்ற பின் தென்காசி வீட்டு மாடியில் அமர்ந்து படம் விற்கிறேன். படத்தைப் போனில் பிடித்துப் பக்கத்தில் ஏற்றுவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது, அட்டை வைத்துப் பார்சல் கட்டுவது எல்லாம் என் மனைவி கோமதி. கோடு மட்டும் நான்.

செல்வராணியின் தேவை

செல்வராணி தென்காசியில் துணிக்கடை நடத்துபவர். குத்துக்கல்வலசையில் புதுவீடு கட்டி முடித்திருந்தார். பால்காய்ப்பு நாளுக்குள் தம் அம்மாவின் படம் வேண்டும் என்று எழுதினார். தெளிவான புகைப்படம் ஒன்றை அனுப்புமாறு வழக்கம்போல் பதிலிட்டோம். அவரோ நேரில் வந்துவிட்டார்.

அவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே அம்மா காலமாகிவிட்டாராம். இருந்த ஒரே கல்யாணப் படத்தையும் ஒழுகிய கூரை அழித்துவிட்டது. அப்பாவும் இன்று இல்லை. அம்மாவின் முகத்தை அறிந்தவர்கள் இருவரே: இலத்தூரில் இருக்கும் அண்ணன் முத்துப்பாண்டி, செங்கோட்டையில் இருக்கும் சித்தி வள்ளியம்மாள். "அப்படியானால் நான் வரைந்தது சரியா என்று நீங்கள் எதை வைத்துப் பார்ப்பீர்கள்?" என்று ஆய்வாளனுக்கே உரிய அறிவீனத்தோடு கேட்டேன்.

"நான் என்னத்த வச்சுப் பாக்க சார்? நீங்க வரைஞ்சு குடுத்தாத்தான் எங்க அம்மா மொகமே எனக்குத் தெரியும்."

ஐந்தருவிப் பார்சல்

அந்தச் சொல்லின் கனம் தாங்காமல், முன்பே ஏற்றிருந்த சிறு வேலை ஒன்றில் ஒளிந்துகொண்டேன். சென்னைக்காரர் ஒருவர் குற்றாலத்து ஐந்தருவியின் படத்தைக் கேட்டிருந்தார். நேரில் போய்க் குடையின்கீழ் அமர்ந்தேன். சாரல் தூவிற்றே ஒழிய, மலைமேல் மழை போதவில்லை. இரண்டு பிரிவுகளில் நீர் விழுந்தது. மற்ற மூன்றிலும் பாறை ஈரமாய் மின்னியதோடு சரி. கண்டதைக் கண்டவாறே வரைந்தேன். பாறையின் வெடிப்பு ஒன்றையும் விடவில்லை. பஜ்ஜிக்கடைத் தார்ப்பாயின் கிழிசலையும் விடவில்லை.

"அஞ்சையும் வரைஞ்சா கை தேஞ்சா போயிரும்?" என்றாள் கோமதி. சான்று இல்லாததை வரைவதற்கில்லை என்றேன். "அப்ப அந்தப் பிள்ளையோட அம்மாவ எப்படி வரையப் போறீய?" என்று கேட்டுவிட்டு, என் விடைக்குக் காத்திராமல் பார்சலை ஒட்டினாள். பார்சல் போய்ச் சேர்ந்ததும் சென்னையிலிருந்து செய்தி வந்தது.

"சார், ரெண்டு அருவி பத்திரமா வந்துருச்சு. மீதி மூணு அடுத்த பார்சல்ல வருதா?"

அசையாத வீடியோ

செல்வராணியின் அண்ணன் முத்துப்பாண்டி ராணுவத்தில் இருந்தவர். கம்ப்யூட்டரே முகம் செய்து தரும் காலத்தில், யாரோ ஒருவன் தம் தங்கையை ஏமாற்றுகிறானோ என்று அவருக்கு ஐயம். கேட்பது அம்மாவின் முகம் அல்லவா? ஐயம் நியாயமே. நான் கையால்தான் வரைகிறேன் என்பதற்கு வீடியோ அனுப்பச் சொன்னார்.

கோமதி போனை ஸ்டாண்டில் பொருத்தினாள். நான் பேனாவைத் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, முதல் கோட்டை நெற்றியில் தொடங்குவதா, காதோரத்தில் தொடங்குவதா என்று ஆராய்ந்தேன். இரண்டு தரப்புக்கும் வலுவான நியாயங்கள் இருந்தன. ஆராய்ச்சி முடிவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது. கோமதி அதை அப்படியே அனுப்பினாள். சற்று நேரத்தில் அவர் அழைத்தார். "மேடம், வீடியோ ஹேங் ஆயி நிக்கி. கை அசையவே மாட்டேங்கு. நெட்டு சரியில்லையோ?"

"நெட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. அவியதான் அப்படி."

மூக்குத்தியின் பாடபேதம்

அண்ணனையும் சித்தியையும் தனித்தனியே கண்டு விவரம் கேட்டேன். ஒருவர் கூற்று மற்றவர் நினைவில் கலந்துவிடலாகாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். அண்ணன் சொன்ன அம்மாவுக்கு நீண்ட முகம், வலப்பக்க மூக்குத்தி, வரிசை தப்பாத பல். சித்தி சொன்ன அக்காவுக்கு வட்ட முகம், இடப்பக்க மூக்குத்தி, சற்றே எடுப்பான முன்பல். இருவருமே அடித்துச் சொன்னார்கள்.

வேறெந்த ஓவியனும் செய்யாத ஒன்றை அப்போது நான் செய்தேன். அண்ணன் கூற்றுக்கு ஒரு முகம், சித்தி கூற்றுக்கு ஒரு முகம், இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் காட்டி மற்றவற்றை வெறுமையாக விட்ட மூன்றாவது முகம் என மூன்று படங்கள் வரைந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் மூக்குத்தி, பல், தாடை ஆகியவற்றின் வேறுபாடுகளைப் பொடியெழுத்தில் குறித்தேன். ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தால் மறுபேச்சின்றி ஏற்றிருப்பார்கள். செல்வராணி வந்தார், மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார், எதையும் கையில் எடுக்கவில்லை. "இதுல எது சார்?" என்றார். மூன்றும் சமமதிப்பு உடையவை என்று விளக்கினேன்.

"எனக்கு அம்மா ஒருத்திதான் சார்."

சோறும் மூக்கும்

அவர் போனபின் கோமதி மூன்று படங்களையும் அடுக்கி ஓரமாக வைத்தாள். "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைங்க. சண்ட போடட்டும்" என்றாள். துறை நெறிக்கு முற்றிலும் முரணான யோசனை. கையில் வேறு யோசனையும் இல்லை. செல்வராணி இருவரையும் எங்கள் மாடிக்கு அழைத்து வந்தார். காப்பி ஆறுவதற்குள் சண்டை மூண்டது.

"கூடப் பெறந்தவ மூக்க நான் அறிய மாட்டனா?"

"நீங்க கல்யாணம் ஆயி செங்கோட்டைக்குப் போயிட்டீய சித்தி. தெனமும் அவ கையால சாப்பிட்டவன் நான்."

"சாப்பிடையில நீ சோத்தப் பாத்தியா, அவ மூக்கப் பாத்தியாலே?"

கோமதி முதலில் சிரித்தாள். முத்துப்பாண்டியாலும் அடக்க முடியவில்லை. "அம்மா இருந்தா இதுக்கு இப்படித்தான் சிரிப்பா" என்று சொல்லி, மூக்கும் வாயும் மறையுமாறு உள்ளங்கையை முகத்தில் வைத்துக் காட்டினார். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாலே, அதேதான்! கைய எடுக்கவே மாட்டா. கண்ணு ரெண்டும் கோடாப் போயிரும்." அந்த மாடியில் இருவரும் ஒன்றையே சொன்னது அதுதான் முதல் முறை.

பேனாவை எடுத்தேன், ஆராயவில்லை. கண்ணின் ஓரச் சுருக்கத்தை அண்ணன் நீட்டச் சொன்னார். புருவத்தைச் சித்தி தாழ்த்தச் சொன்னார். செல்வராணி பேனா போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்கள் அமைந்தன, கை அமைந்தது. மூக்கு, பல், தாடை என்று என்னால் தீர்க்க முடியாத வழக்குகள் அனைத்தும் அந்தக் கைக்குப் பின்னால் போய்விட்டன. இதைத் தீர்வு என்று எந்த அறிஞர் அவையிலும் நான் சொல்லத் துணிய மாட்டேன். சித்தி மட்டும் படத்தைத் தூக்கிப்பிடித்துப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த செங்கோட்டைப் பேச்சில் பாராட்டினார்.

"கொள்ளாம்! மூக்குத்திய நைசா கைக்குள்ள ஒளிச்சுப்புட்டீயளே, ஆளு கெட்டிக்காரருதான்."

பால்காய்ப்பு

புதுவீட்டின் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் படத்தை மாட்டியிருந்தார்கள். சித்தி வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து, "எங்க அக்கா, எங்க அக்கா" என்று காட்டினார். முத்துப்பாண்டி அதன் எதிரில் விறைப்பாக நின்றுவிட்டு வெளியே போனார். நான் பாயசத் தம்ளருடன் அருகிலேயே, யாரேனும் ஓவியர் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு வசதியான கோணத்தில் நின்றேன். யாரும் கேட்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்கள்.

பந்திக்குக் கூட்டம் கலைந்ததும் செல்வராணி வந்தார். படத்தின் கண்களையே பார்த்தார். "எங்க அம்மாதான் சார்" என்றார். என் தலை நிமிரத் தொடங்கிற்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், குரல் தணிந்திருந்தது.

"கைய மட்டும் கொஞ்சம் எறக்கி, இன்னொண்ணு வரைஞ்சு தருவியளா சார்?"

படம் உண்மையிலேயே பிடித்துப்போன பிறகுதான் வாடிக்கையாளர்கள் அதில் இல்லாததைக் கேட்கத் தொடங்குகிறார்கள் ஆதலால், இத்தொழிலில் புதிதாக இறங்குவோர் எந்தப் படமும் அவ்வளவு நன்றாக அமைந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது நலம்.