பூண்டுப் பாத்தியில் பாய்ந்த தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கு வெயிலுக்குப் பூண்டு சரிப்படாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகாது என்று சொன்னால்தான் எனக்குச் செய்யத் தோன்றும். வீட்டுக்குப் பின்னால், வயலை ஒட்டி இரண்டு பாத்தி கட்டி, கார்த்திகைக் குளிரில் மலைப்பூண்டுப் பற்களை ஊன்றினேன். மாசியில் தாள் பழுத்தது. பிடுங்குவதற்கு முன் பாத்தியைக் காயப்போட வேண்டும். ஈரம் நின்றால் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். அதனால் தண்ணீரை நிறுத்திவிட்டு, தேனியில் தங்கை வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பாத்தியில் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து வயல்கார அண்ணன் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டுத் தண்ணி விட்டீக?" என்று கத்தினேன்.

"தாளெல்லாம் மஞ்சளாக் கெடந்துச்சு தாயி. ஊருக்குப் போனவுக மறந்துட்டாகன்னு நெனச்சேன். வாய்க்கால்ல தண்ணி ஓடுறப்ப ஒரு பயிரு வாடுறதப் பாத்துக்கிட்டு எப்படிப் போறது?"

மேலும் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய நெல்வயல் கண்ணில் பட்டது. அது வெடித்துக் கிடந்தது. தன் முறைக்கு வந்த தண்ணீரை முதலில் என் பூண்டுக்குத்தான் திருப்பியிருக்கிறார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றேன்.

பூண்டு முக்கால்வாசி அழுகிப்போனது. அதை அவரிடம் சொல்லவில்லை. இந்த வருடம் மொட்டை மாடித் தொட்டிகளில் நட்டிருக்கிறேன். நேற்று படியேறி வந்து பார்த்த அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது.

"இம்புட்டு ஒசரத்துக்கு நான் எப்படித் தாயி தண்ணி பாய்ச்சுறது?"