மைதானத்தைக் கேட்டு எழுதிய கடிதங்கள்

எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட மைதானம் மட்டமானதல்ல. மேற்கே தேயிலை மலையின் அடியிலிருந்து கிழக்கே ஓடைக்கரை வரை அது ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்குச் சரிந்து கிடக்கிறது. வட்டவளைப் பக்கத்து மழை ஆண்டில் பல மாதங்கள் பெய்வதால், கிழக்கு ஓரத்தில் புல்லைவிடச் சேறே அதிகம். ஆண்கள் அந்த ஓரத்தில் சவுக்கு மரங்களின் கீழ் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். பெண்கள் எதிர்ப்பக்கத்துத் தேயிலைக்குள், கொழுந்து பறிக்கும்போது நிற்பதைப் போலவே நிரை பிடித்து நிற்பார்கள். இப்படித்தான் நிற்க வேண்டும் என்று எவரும் விதித்ததில்லை.

உயர அடித்த பந்து மேற்கே போனால் தேயிலைக்குள் விழும். அதை எடுத்து வீசுவது பெண்களின் பொறுப்பு. எங்கள் கழகம் பின்தங்கியிருந்தால் பந்து போன வேகத்தில் திரும்பி வரும். முன்னிலையில் இருந்தால் வராது. பத்துப் பெண்கள் குனிந்து செடிகளை விலக்கித் தேடுவார்கள்; பந்து அவர்களில் ஒருத்தியின் சேலைக் கரைக்கு அடியில், இரண்டு பாதங்களுக்கு நடுவே இருக்கும். வெளித்தோட்டத்து அணிகள் இதைப் பற்றி முறையிடாத ஆண்டில்லை. இந்த வேலையில் என் மனைவிக்கு இணையாக ஒருவரும் இருந்ததில்லை. தேடுகிறவளின் முகத்தோடு நின்றுகொண்டு, எதிரணி வீரனையே, "தம்பி, அந்தக் கீழ் நெரையில பாருங்க. அட்ட இருக்கும், பாத்து," என்று தூரத்துக்கு அனுப்பிவிடுவாள்.

எனக்கு உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு இருந்ததில்லை. தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் இருந்தவன் என்ற முறையில் கழகத்தின் கடிதங்களை எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மைதானத்துக்குப் போனதால் நானும் கூடப் போனேன். சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட எதிரேயிருந்த தேயிலையைப் பார்த்ததே அதிகம்.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் அவள் கண்டியில் வைத்தியசாலையில் பதினொரு நாள் இருந்தாள். இடையில் ஒரு ஞாயிறு வந்தது. மறுநாள் காலையில் அவள் முதலில் கேட்டது ஆட்டத்தின் முடிவை. தெரியாது என்றேன். தொலைபேசியில் விசாரிக்கச் சொன்னாள். விசாரித்தேன், தோற்றிருந்தோம்.

"நான் இல்லேன்னா அவளுகளுக்கு நேரத்தக் கடத்தத் தெரியாது," என்றாள்.

தோட்டத்தை நடத்தும் கம்பனி மைதானத்தை எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற பேச்சு அப்போதே கிளம்பியிருந்தது. அதைப் பற்றியும் கேட்டாள். வெறும் பேச்சு, ஒன்றும் நடக்காது என்றேன்.

"நடக்கும்ங்க. கிரவுண்ட மட்டும் விட்டுறாதீங்க."

விடமாட்டோம் என்று சொன்னேன். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்டவை மிகக் குறைவு. அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

கம்பனியின் கடிதம் அவளுடைய முதலாம் ஆண்டு நினைவுக்குச் சில வாரங்களுக்கு முன் வந்தது. மைதானம் இருக்கும் இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகள் கட்டப்படவிருக்கின்றன. நகரத்தில் புதிய விளையாட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டிருப்பதால், கழகம் தன் ஆட்டங்களை அங்கே நடத்திக்கொள்ளலாம். இரண்டு பருவங்களுக்குக் கம்பனியே ஞாயிறுதோறும் ஒரு பஸ்ஸை அனுப்பிவைக்கும். கழகம் தன் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். நகரத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும், கூரையும் சுவரும் உள்ள பெரட்டுக் களத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் கூட்டம் நடந்தது. அண்மைக்காலத்தில் எந்தக் கூட்டத்துக்கும் அவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. பெண்களும் வந்து சுவரோரமாக நின்றார்கள். கழகத்தின் தலைவர் எங்கள் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்தவர். இப்போது நகரத்தில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். என் மாணவர். தான் மாற்றத்தை ஆதரிப்பதை அவர் மறைக்கவில்லை. புதிய அரங்கில் உண்மையான புல் இருக்கிறது, மழைநீர் வடிந்து போகிறது, உடை மாற்ற அறை இருக்கிறது என்று விளக்கினார். எங்கள் வீரர்களை இங்கே எவரும் வந்து பார்ப்பதில்லை என்றும், நல்ல வீரன் ஒருவன் கொழும்புக்குப் போய்ப் பாதுகாவலர் வேலை செய்வது அதனால்தான் என்றும் சொன்னார். அது முழுப் பொய் அல்ல.

கழகத்தின் முன்னாள் கோல் காப்பாளர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், முன்வரிசையில் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தலைவருக்கு மாமா முறை.

"அந்தக் கிரவுண்டு மட்டமா இருக்காமே?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. நீர்மட்டம் வச்சுப் பாத்துக் கட்டுனது."

"அப்ப நம்ம பயலுவ எப்பிடி ஓடுவானுங்க? சரிவுல ஓடி ஓடி எல்லாவனுக்கும் ஒரு கால் நீளமால்ல வளந்திருக்கு."

களம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், என் மனைவிக்குப் பக்கத்து நிரையில் இருபது ஆண்டுகள் கொழுந்து பறித்த பெண், சுவரோரத்திலிருந்து, அங்கே பெண்கள் எங்கே நிற்பது என்று கேட்டார். நிற்கத் தேவையில்லை, எல்லோருக்கும் கதிரை இருக்கிறது என்றார் தலைவர்.

"கதிரையில உக்காந்துகிட்டு பந்த எங்க தம்பி ஒளிக்கிறது?"

மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஞாயிறு மாலை வீட்டு வேலையை யார் பார்ப்பது, ஆட்டம் முடிந்து பஸ் திரும்பும்போது இருட்டிவிடாதா, பஸ்ஸில் முதலில் விளையாடுகிறவர்கள் ஏறினால் பெண்களுக்கு எத்தனை இடம் மிஞ்சும் என்று வரிசையாகக் கேட்டார். பார்க்கலாம் அக்கா என்று மட்டும் தலைவர் சொன்னார். புதிய அரங்குக்கு ஒரு பெண்ணும் போகப்போவதில்லை என்பது அந்த இடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் மாற்றத்தை மறுக்க அது ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பிறகு முன்னாள் கோல் காப்பாளர் எழுந்தார். சிரிக்கவைத்த குரல் மாறியிருந்தது. அந்த இடம் ஒரு காலத்தில் கல்லும் புதருமாகக் கிடந்தது என்றும், நம் பாட்டன்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு இறங்கி வெட்டினார்கள் என்றும், பெண்கள் கொழுந்துக் கூடையில் மண் சுமந்தார்கள் என்றும் நினைவூட்டினார். தோட்டத்தை நிர்வகித்த எந்தத் துரையும் ஒரு கூடை மண் போடவில்லை. வழக்குப் போட வேண்டும் என்றார். பல குரல்கள் அதை ஆமோதித்தன. நானும் தலையசைத்தேன். அந்தச் சில நிமிடங்கள் நான் வைத்தியசாலையில் கொடுத்த வாக்கு பொய்யாகாமல் போய்விடும் என்று நம்பினேன்.

தலைவர் தன் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் ஏற்கெனவே போய் வந்ததாகச் சொன்னார். அது எனக்குப் புதிய செய்தி. அவர் விசாரித்தபோது கம்பனி அவருக்குச் சில பிரதிகளை அனுப்பியிருந்தது. அவை எங்கள் கழகம் ஆண்டுதோறும் தோட்டத்துத் துரைக்கு எழுதிய கடிதங்கள். தலைவர் ஒன்றை எடுத்து ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் பொருள் சொன்னார். தங்களுக்கு உரிமையான மைதானத்தை எங்கள் வருடாந்தப் போட்டிக்காக ஒரு நாள் பயன்படுத்துவதற்குத் தாங்கள் மனமுவந்து அனுமதி அளிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்ததையும் வாசித்தார். ஆண்டுதான் வேறு. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே கையெழுத்தை அடையாளம் காண முடிந்தது.

கேட்காமலே விளையாடி வந்திருந்தால் நீதிமன்றத்தில் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும், அப்போதும் வெல்வது கடினம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். ஆண்டுதோறும் உரிமையாளர் என்று விளித்து அனுமதி கேட்டவர்கள், பிறகு வந்து அது எங்களுடையது என்று சொல்ல முடியாது.

எவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயன்றார்கள். கடைசியில் முன்னாள் கோல் காப்பாளர்தான் பேசினார். "சேரு என்னா செய்வாரு? நாமதானே எழுதித் தாங்கன்னு கேட்டோம்."

அது உண்மையல்ல. எவரும் என்னைக் கேட்கவில்லை. நான் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்து பாடசாலையில் சேர்ந்த ஆண்டு, கழகத்தினர் போட்டிக்கான கொடிகளை அவர்கள் பாட்டுக்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். துரையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடத்துவது எனக்கு நாகரிகக் குறைவாகப் பட்டது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முறை தெரியாது என்று எவரும் சொல்லிவிடக்கூடாது என்று எண்ணினேன். வைத்தியரைப் பார்க்கவும், கூரைக்குத் தகரம் பெறவும், இறந்தவரைப் புதைக்கவும் துரையிடம் கேட்டுப் பழகிய வீட்டில் வளர்ந்தவன் நான். நல்ல ஆங்கிலத்தில் கேட்பதை ஒரு முன்னேற்றமாகக் கருதினேன். துரையின் பதில் மூன்றாம் நாளே வந்தது. அனுமதி வழங்கப்பட்டிருந்தது. என் மொழிநடையையும் பாராட்டியிருந்தார். அந்தப் பதிலை நான் வீட்டில் வாசித்துக் காட்டியபோது, புதிதாக மணமாகி வந்திருந்த என் மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம வீட்டுச் சோத்த நாம திங்க பக்கத்து வீட்டுல போயி கேட்ட மாதிரி இருக்குங்க," என்றாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் அன்று அவளுக்கு நன்னடத்தையின் பயனை விளக்கினேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நான் கடிதம் எழுத உட்காரும்போது அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் எழுந்து, முதற் கடிதத்தை எழுதலாம் என்று சொன்னதே நான்தான், கழகம் கேட்கவில்லை என்றேன். என் குரல் வகுப்பறையில் இருப்பதைப் போலத் தெளிவாகத்தான் இருந்தது.

"விடுங்க சேர். உங்கள யாரும் குத்தம் சொல்லல," என்றார் தலைவர்.

அவர் அதை என் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

கை உயர்த்தச் சொன்னார்கள். அங்கத்தவர்கள் மட்டும் என்பதால் சுவரோரத்தில் இருந்தவர்கள் எண்ணப்படவில்லை. சம்மதம் தந்தால் பஸ் கிடைக்கும், தராவிட்டால் மைதானமும் போகும் பஸ்ஸும் கிடைக்காது என்று தலைவர் சுருக்கமாகச் சொன்னார். அது மிரட்டலல்ல, உள்ள நிலைமை. எதிர்த்து உயர்ந்த கைகள் ஆறு. என்னுடையது அவற்றில் ஒன்று. முன்னாள் கோல் காப்பாளர் எந்தப் பக்கமும் கை உயர்த்தவில்லை. அவருடைய பேரன் அணியில் விளையாடுகிறான்.

சம்மதக் கடிதத்தை அன்றே கொடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். ஆள் பதியும் மேசையைத் துடைத்து, ஒரு கதிரையைப் போட்டு, வெள்ளைத் தாள்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். வேறு யார் எழுதுவது என்ற கேள்வி எழவில்லை. நான் மறுக்கலாம் என்பதும் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அது தோன்றியது. மறுத்திருந்தால் தலைவர் தன் கடையில் உள்ள கணினியில் எழுதி அனுப்பியிருப்பார். நான் உட்கார்ந்து எழுதினேன்.

கடிதத்தின் இரண்டாவது பந்தியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். எங்கள் முன்னோர் தம் ஓய்வு நாட்களில் தம் கைகளால் வெட்டி உருவாக்கிய இந்த மைதானத்தை விட்டு நாங்கள் வெளியேறுகிறோம் என்பது அதன் பொருள். தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், நான் கற்பித்தது.

"சேர், எழுதுனது சரிதான். ஆனா இந்த ஒரு வரி வேணாமே. பஸ்ஸ நிப்பாட்டிருவாங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கேட்கும் தூரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டும், அந்த வரி இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னால் போதும் என்று நினைத்தேன். வெளியே மழை தொடங்கியிருந்ததால், பெண்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மனைவியின் பக்கத்து நிரைத் தோழி மட்டும் வாசலில் நின்று, ஆங்கிலத்தில் எழுதிய அந்தத் தாளைத் தூரத்திலிருந்து பார்த்தபடி இருந்தார். பிறகு அவரும் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அடித்தல் திருத்தல் உள்ள கடிதத்தை அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. வேறொரு தாள் எடுத்து, அந்த வாக்கியம் இல்லாமல் முதலிலிருந்து எழுதினேன். முடிவில் கம்பனியின் பெருந்தன்மைக்கு நன்றி தெரிவித்தேன். தலைவர் கையொப்பமிட்டார். செயலாளரும் இட்டார். உறையின் மேல் முகவரியை எழுதி, மை காயும்வரை கையால் மழைச்சாரலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.