ஒரே வைஃபையில் தொண்ணூற்றொரு ஓட்டு

இன்னும் யாரும் கூப்பிடாத நேர்முகத்துக்காகச் சுடலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. தாராவியில் அக்கா சண்முகவடிவின் வீட்டு மாடியறை அது. ஒரு கட்டிலும் ஒரு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடும். வலது கை முடிந்து இடது கைக்கு மாறும்போது போன் அதிர்ந்தது.

கேம்வாடி கம்பெனியிடமிருந்து தகவல். இங்கிலீஷில் நான்கே வரி. 'உங்கள் யோசனைக்கு விழுந்த 118 ஓட்டுகளில் 91 ஓட்டு ஒரே இணைய இணைப்பிலிருந்து வந்துள்ளது. போலி ஓட்டு என்று சந்தேகிக்கிறோம். ஒரு மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் உங்கள் கணக்கு நீக்கப்படும். சந்தேகத்துக்கு உள்ளான எல்லோருக்கும் இதே அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளது.'

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி படித்தான். ஒரு மணி நேரம்.

சுடலைக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். வீட்டில் முதல் பட்டம் அவனுடையது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். கல்லூரியில் சேரும்போது, இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி யாருமில்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து மும்பைக்கும் கொண்டுவந்திருந்தான். இங்கே அதைக் கேட்பார் இல்லை. சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கும் வேலைதான் கிடைத்தது. ஊரார் சர்க்கரையையும் கொழுப்பையும் அடித்துக் கொடுத்து இரண்டு வருடம் ஓடிவிட்டது.

வேலை முடிந்து வந்தால் லாரி ஓட்டுவான், போனில். மலைப்பாதையில் பாரம் ஏற்றிப் போகிற கேம். "ஏலே, இந்த வளைவுல முந்தப் பாக்காத, கிளீனருக்குக் கல்யாணம் ஆகல" என்று ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொண்டு ஓட்டி, அதைப் பதிவு செய்து கேம்வாடியில் ஏற்றுவான். கேம் ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தை வீடியோவாகப் போட்டு ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளும் தளம் அது. அவனைத் தொடர்கிறவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஆனால் அவனுடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் ஓட்டுவதில் இல்லை, குறை பிடிப்பதில் இருந்தது. ஒரு குறை கண்ணில் பட்டால், அதைத் தீர்க்கும் வழியையும் சேர்த்து எழுதி அனுப்பாமல் அவனுக்குச் சோறு இறங்காது. 'ஏலே' என்று வந்த பின்னூட்டங்களையெல்லாம் கெட்ட வார்த்தை என்று அந்தத் தளம் அழித்தபோது, எங்கள் ஊரில் பாசத்தோடு ஏலே என்று கூப்பிடும் பதினான்கு சந்தர்ப்பங்கள் என்று மூன்று பக்கம் எழுதினான். பதில் இல்லை. அப்புறம் அப்லோட் பற்றி எழுதினான். வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அறுந்த இடத்திலிருந்து தொடர வேண்டும். அதை எப்படிச் செய்யலாம் என்று படம் போட்டே காட்டியிருந்தான்.

இந்த மாதம் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. தளத்தை மேம்படுத்த யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். ஞாயிறு இரண்டு மணிக்கு முதல் பத்து இடத்தில் இருப்பவர்களைச் செம்பூர் ஆபீஸுக்குக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதில் ஒருவருக்கு வேலை. சுடலையின் அப்லோட் யோசனை நாற்பதாவது இடத்தில் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "எல்லாரையும் ஓட்டுப் போடச் சொல்லுக்கா" என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னான். சனிக்கிழமை காலையில் ஏழாவது இடம். அன்றைக்குத்தான் சட்டையை வெளியே எடுத்தான்.

அதனால் முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. போலியா? இந்தச் சந்தில் இருபத்திரண்டு வீடு. எல்லா வீட்டுக்கும் கேபிள்காரன் ஷாகிர் இழுத்துக் கொடுத்த ஒரே வைஃபை. ஒரு லைனில் தொண்ணூறு பேர் இருந்தால் அது எங்கள் தப்பா? ஒவ்வொருவரையும் போனோடு நிற்க வைத்து வீடியோ எடுத்து அனுப்புகிறேன், கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று இறங்கினான்.

முதல் வீடு பானுமதி மதினியுடையது. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, எனக்கு ஓட்டுப் போட்டியளா?"

"போடாம இருப்பமா? நம்ம புள்ள இன்ஜினீயரு! என் போன்லயே ஆறு ஓட்டுலா போட்டோம்."

"வீட்டுல நீங்க மூணு பேருதான?"

"நாங்க மூணு. அம்பர்நாத்துல கட்டிக் குடுத்த மவ ஒண்ணு. கொழுந்தன் கோபர்கைரனேல இருக்காவ, அவிய ஒண்ணு. பொறவு எங்க அத்தை."

சுடலை நிமிர்ந்து பார்த்தான். மாலை போட்ட படத்திலிருந்து அத்தை அவனையே பார்த்தாள்.

"அத்தை போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சே மதினி."

"ரேஷன் கார்டுல பேரு இருக்குலா? இன்னும் எடுக்கலலா?"

சுடலை வந்த வழியே திரும்பி ஓடினான். அக்கா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஓட்டுப் போடுங்கன்னு ஜனங்ககிட்ட என்னன்னு சொன்ன?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். எல்லாரும் போடுங்கன்னேன். எல்லாரும்னா எத்தனன்னு பானுமதி கேட்டா. கார்டுல எத்தன பேரோ அத்தனன்னேன்."

"ஐயோ அக்கா!"

"என்னல ஐயோ? வேற எப்படி எண்ணுவாவ?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தச் சந்துக்குள் யார் படிவத்தோடு வந்தாலும் முதல் கேள்வி அதுதான்: கார்டில் எத்தனை பேர்? அரிசிக்கும் அதுதான், தடுப்பூசிக்கும் அதுதான், வீடு இடித்துக் கட்டுகிறோம் என்று அளக்க வந்தவர்களுக்கும் அதுதான். கார்டில் ஒரு பேர் குறைந்தால் நஷ்டம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேம்வாடியிலோ பேரும் பிறந்த தேதியும் கொடுத்தால் போதும், கணக்குத் திறந்துவிடும். இரண்டுமே கார்டைப் பார்த்தால் கிடைக்கும்.

விஷயம் பரவி ஷாகிர் ஏணியும் கையுமாக வந்து நின்றான்.

"மாப்ள, டென்ஷன் எடுக்காத. தொண்ணூத்தொண்ணும் அசல் ஆளுன்னு அடிச்சு விடு. கோன் ஆயேகா? எவன் வந்து செக் பண்ணப் போறான்?"

"ரெண்டு பேர போன்ல கூப்பிட்டுக் கேட்டாலே போச்சுடா. அதுல ஒண்ணு பானுமதி மதினி மாமியாரா இருந்தா?"

"அப்ப உண்மையச் சொல்லப் போறியா? பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு? பட்டியல்ல எங்க போய் விழுவன்னு தெரியுமா?"

அது சுடலைக்கும் தெரியும். எல்லாம் அசல் என்று எழுதி மாட்டிக்கொண்டால், ஒன்றரை வருட வீடியோக்களோடு கணக்கும் போகும், செம்பூரும் போகும். உண்மையை எழுதினால் கணக்கு பிழைக்கலாம். செம்பூர் நிச்சயம் போகும். மணி ஒன்று ஐந்து.

அக்கா ஈரக் கையோடு கிட்டே வந்தாள். "கார்டுல இருக்கதச் சொன்னா பொய்யாகுமால?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தாசில்தார் ஆபீஸ் ஞாபகம் வந்தது. சான்றிதழுக்காக அப்பா கைநாட்டு வைத்த தாளில் 'மேற்கண்ட யாவும் உண்மை' என்று அச்சடித்திருந்தது. அது என்ன என்று அப்பா கேட்டார். படித்துக் காட்டினான். "உண்மைதானல?" என்று மறுபடி ஒரு தரம் கேட்டுக்கொண்டுதான் பெருவிரலை வைத்தார்.

"வா அக்கா," என்றான். "நீ கூட இருந்தாத்தான் கதவத் தெறப்பாவ."

வீணான ரிப்போர்ட் தாள் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினான். இருக்கிறவர் ஒரு பக்கம், இல்லாதவர் ஒரு பக்கம். சொல்வதற்குச் சுலபம். ஒரு வீட்டில் குளித்துக்கொண்டிருந்தவர் உள்ளிருந்தே, "நான் உசுரோடதாம்ல இருக்கேன், எழுதிக்கோ!" என்று கத்தினார். அடுத்த வீட்டில் கதவையே மறித்துக்கொண்டார்கள். "எங்க மாமனாரு ஓட்ட அடிக்க நீ யாருல? ஒனக்கு நல்லது செஞ்சதுக்கு இதுவா?" அக்காதான் முன்னால் போய், "தப்பு எம்மேலதான் ராஜலக்ஷ்மி, அவன வையாத" என்றாள். ஐந்து நிமிடம் அதிலேயே போனது. பதினான்காவது வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்: அவர்கள் நான்கு பேர், கார்டில் ஏழு.

கடைசி வீட்டை விட்டு இறங்கும்போது ஒன்று முப்பத்தொன்று. கூட்டிப் பார்த்தான். ஆள் இருக்கும் ஓட்டு ஐம்பத்தெட்டு. கார்டில் மட்டும் இருக்கும் ஓட்டு முப்பத்து மூன்று. அதில் ஐந்து பேர் இறந்தவர்கள்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் தட்டினான். எண்களை அப்படியே எழுதினான். கார்டு முறையை விளக்கினான். முப்பத்து மூன்று ஓட்டையும் எடுத்துவிடுங்கள் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குறை கண்ணில் பட்டுவிட்டதே. 'உங்கள் தளத்தில் பேரும் பிறந்த தேதியும் இருந்தாலே கணக்குத் திறக்கிறது. 1931இல் பிறந்த ஒரு பெண்மணி லாரி கேம் பார்க்க வந்தபோது உங்கள் இயந்திரம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரே இணைப்பு என்பது குற்றமில்லை. ஒரே போனில் ஆறு பேர் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.'

தாளைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்பினான். எண்பது சதவீதம் ஏறியது. லைன் அறுந்தது. பூஜ்யம்.

மறுபடி அனுப்பினான். அறுபதில் அறுந்தது. பூஜ்யம். ஒன்று முப்பத்தாறு.

போன் டேட்டாவுக்கு மாற்றிப் பார்த்தான். இரண்டு பக்கமும் தகரச் சுவர், ஒரு கோடுகூட ஏறவில்லை. "ஷாகிர்!" என்று கத்தினான்.

ஷாகிர் ஏற்கெனவே கூரை மேல் இருந்தான். "வயரு ஜாயின்ட்டுல லூஸ் மாப்ள! கையால அழுத்திப் பிடிச்சிருக்கேன்! அனுப்பு, ஜல்தி!"

நாற்பது. அறுபத்தைந்து. எண்பது. தொண்ணூறில் ஒரு நொடி நின்று, பிறகு 'பெறப்பட்டது' என்று வந்தது. ஒன்று முப்பத்தெட்டு.

இரண்டு மணிக்குப் பட்டியலைத் திறந்தான். எண்பத்தைந்து ஓட்டு, பதின்மூன்றாவது இடம். கணக்கு அப்படியே இருந்தது. போனை அக்காவிடம் நீட்டினான். கூரையிலிருந்து இறங்கிய ஷாகிரும் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல" என்று முனகிக்கொண்டு ஏணியை மடக்கினான்.

இரண்டே காலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சுடலைங்கறது நீங்கதானே? நான் வந்தனா, கேம்வாடியிலேர்ந்து பேசறேன். தமிழ்லயே பேசலாம், நாங்களும் மாட்டுங்காவுல தமிழ்க்காராதான்."

"சொல்லுங்க மேடம்." எழுந்து நின்றுவிட்டான்.

"அந்த நோட்டீஸ் ஒன்பது பேருக்குப் போச்சு. நீங்க ஒருத்தர்தான் எது நிஜம், எது இல்லைன்னு பிரிச்சு எழுதியிருக்கேள். உங்களுக்கு மேல இருந்த மூணு பேர் பதிலே போடலை. அவா கணக்கை எடுத்தாச்சு."

சுடலைக்குக் கழித்துப் பார்க்க ஒரு கணம் பிடித்தது.

"அப்ப நான்..."

"பத்தாவது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் செம்பூர் ஆபீஸுக்கு வாங்கோ. அந்தத் தாளையும் எடுத்துண்டு வாங்கோ, நான் நேர்ல பாக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எங்காத்துக் கார்டுலயும் இன்னும் தாத்தா பேரை எடுக்கலை."

போனை வைத்ததும் விஷயம் சந்து முழுக்கப் போய்விட்டது. வேலை இன்னும் கிடைக்கவில்லை, பத்து பேரில் ஒருவன்தான் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சற்று முன் கதவை மறித்த ராஜலக்ஷ்மியே தேங்காய் பர்பி கொண்டுவந்தாள். பானுமதி மதினி மட்டும் படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தைய எடுக்காம இருந்திருந்தா ஒம்பதாவது வந்திருப்பல்லா?"

சுடலை மாடியேறி, இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டான். சட்டையின் இடது கை அப்படியே கசங்கிக் கிடந்தது.