சிவப்புப் புள்ளியும் ஒரு வாளித் தண்ணீரும்

ஓய்வு பெற்ற கையோடு ஏற்காட்டு மலையில், நாகலூரில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கினேன். முப்பத்துமூன்று வருடம் வருவாய்த் துறையில் பிறர் நிலத்துக்குப் பட்டா கொடுத்தவனுக்குத் தன் நிலத்தில் என்ன விளையும் என்று தெரியாதது எந்த விதியின்படியும் குற்றமில்லை.

முதல் அறுவடையின்போது மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். வானியல் ஆராய்ச்சி மாணவி. பையில், இன்னும் ஒட்டாத உறைக்குள், ஒரு கட்டுரை. நீல வடிகட்டி வைத்து எடுத்த படத்தில் இல்லாமல், சிவப்பில் மட்டும் தெரிந்த ஒரு புள்ளியைப் பற்றியது. வெகு தொலைவிலிருக்கும் விண்மீன் மண்டலத்தின் ஒளி அப்படிச் சிவந்துதான் வந்து சேருமாம். இதுவரை யாரும் எட்டாத தொலைவு என்று எழுதியிருந்தாள்.

மார்ச்சோடு அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிகிறது. கட்டுரை வெளிவந்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு ஓர் உறுத்தல். பக்கத்திலிருக்கும் மண்டலம் தூசி மண்டிக் கிடந்தாலும் இதே போலச் சிவந்து மங்கித் தெரியும். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதற்குப் பெரிய தொலைநோக்கியில் அவள் முறை வர ஏப்ரல் ஆகும்.

நான் அனுபவத்தைத் திறந்தேன். முதலில் போட்டுவிடு, குறையிருந்தால் பத்திரிகைக்காரர்களே திருப்பி அனுப்பட்டும், அதற்குள் காலம் ஓடிவிடும் என்றேன். அரசாங்கமே அப்படித்தான் நடக்கிறது. மறுநாள் ஏற்காடு தபாலாபீசில் சேர்த்துவிடுவதாக அரைமனதாக ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நானே கூடையைக் கட்டிக்கொண்டு பறித்தேன். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும் என்பது விதி. அட்சரம் பிசகவில்லை. பறிப்புக்கு வந்திருந்த மாரமங்கலத்து அம்மாள் என் கூடையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வாளியில் கவிழ்த்தார். பாதிக்குப் பாதி மிதந்தது.

"ஏனுங்க, செவந்ததெல்லாம் பழம்னு பறிச்சுப்போட்டீங்களாக்கும்? மழையில்லாத செடி, வெம்பிச் செவந்து கெடக்குதுங்க. உள்ள ஒண்ணுமில்ல, மெதக்குது. நல்ல பழம்னா முழுகிரும்."

பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லையே என்றேன்.

"பாத்தா எங்களுக்கே தெரியாதுங்க. அதுக்குத்தான வாளி."

இந்த லட்சணத்தில் எத்தனை பேருக்குப் பட்டா கொடுத்தீர்களோ என்றும் கேட்டார். வாசலில் நின்ற மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே போய் உறையை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

"நானும் வாளியில போட்டே பாத்துடறேன்ப்பா. நீட்டிக்கலைன்னா போகட்டும்."

எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தேன்: அவள் பெயரில் அவளுடைய நிறுவனத்துக்குக் கால நீட்டிப்பு மனு எழுதினேன். காரணம்: கிடைத்த முடிவைத் தானே சந்தேகிப்பதால். இப்படியொரு காரணத்தை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. நிராகரிக்க அவர்களுக்கும் விதி கிடைக்கவில்லை போலும். ஆறு மாதம் கொடுத்தார்கள்.

மே மாதம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் புள்ளி பக்கத்திலிருப்பதுதான், எல்லாம் தூசி. ஆனால் அவள் குறித்து வைத்திருந்த புள்ளிகளின் பட்டியலில் கடைசியாக, யாரும் சீந்தாத ஒரு மங்கலான புள்ளியையும் சோதித்திருக்கிறாள். 'இது மூழ்கிவிட்டது அப்பா' என்று எழுதியிருந்தாள்.

அடுத்த பறிப்புக்கு வந்த அம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"பாப்பா பொழச்சுக்கும்ங்க," என்றார். என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு வாளியைக் கொடுத்தார்.