ஆட்சேபணை இல்லை

ஆவடியில் தொழிற்சாலை வருகைப் பதிவேடுகளோடு முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன் நான். காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது என் கட்சி. ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பாரிவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் அந்தத் திமிர் போகவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் மனு, சாக்கடை அடைத்துக்கொண்டால் மனு. தெருவில் என்னை 'மனு சார்' என்று கிண்டல் செய்தார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

எதிர்வீட்டு அம்மா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். சுற்றிலும் நிலமெல்லாம் மனையாகிவிட்ட பின்பும் மூன்று எருமைகளை விடாமல் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்குப் பால் அவரிடம்தான். அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த புறம்போக்கில் எரிவாயு நிலையம் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. பூமிக்கடியில் குழாயில் வரும் வாயுவின் அழுத்தத்தை அங்கே குறைத்து ஊருக்குள் அனுப்புவார்களாம். அவர் சமையலறைச் சுவருக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஓர் எருமை படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

"அது வந்தா அடுப்பு எப்டி சார் பத்த வைக்கிறது? ஊட்ல பொண்ணோட கைக்கொயந்த வேற கீது. பள்ளம் தோண்ட மிஷின் வந்தா குறுக்க உக்காந்துட வேண்டியதுதான்," என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். சமுதாயக்கூடத்தில் கம்பெனிக்காரர்கள் கருத்துக் கேட்கிறார்கள், எல்லோரும் வந்து பேசிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம், எத்தனை பேர் எதிர்க்கிறோம் என்று தெரியட்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

நல்ல கூட்டம். ஆளாளுக்கு ஆத்திரமாகப் பேசினார்கள். நானும் எழுதிக்கொண்டு போய்ப் படித்தேன். கம்பெனி ஆட்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வெளியே வரும்போது வாசலில் மேஜை மேல் பதிவேடு. முதல் கையெழுத்து என்னுடையது. அந்த அம்மா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"இதுல இன்னா எய்திகீதுன்னே தெர்லியே சார். நான் வந்தது அல்லாருக்கும் தெரியும். கையெய்த்து எதுக்கு?"

"வெறும் அட்டெண்டன்ஸ்மா. என் சர்வீஸ்ல எத்தனை பார்த்திருப்பேன்! போடலேன்னா நீங்க வந்ததுக்கே அத்தாட்சி இல்ல," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுத்துக்கூட்டி மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.

தாளில் மேலே தலைப்பு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. தலைப்பில்லாத தாளில் கையெழுத்துப் போடாதே என்று தொழிற்சாலையில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அன்று கூட்டத்தைத் திரட்டிவிட்ட பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மிஷின் வந்தது. அந்த அம்மா சொன்னபடியே குறுக்கே போய் உட்கார்ந்தார். கூடவே நாலைந்து பெண்கள். போலீசும் வந்தது. கம்பெனி அதிகாரி அந்தத் தாளை நீட்டினார். 'நிலையம் அமைக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று இப்போது தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக எங்கள் கையெழுத்துகள்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார் அதிகாரி.

அந்த அம்மா நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினார். பார்த்தும்விட்டார். இந்த சார்தான் போடச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாவது முன்னால் போய், அன்று தலைப்பே இல்லை, இது மோசடி என்று கத்தியிருக்கலாம். பென்ஷன் வாங்குகிறவனுக்கு வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ஆமா. என்துதான்," என்று சொல்லிவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

நிலையம் வந்துவிட்டது. அவருடைய மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் அடுப்பை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். மழை பெய்தால் சமையல் இல்லை. எனக்குப் பால் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒருநாள் காலையில் தாங்க முடியாமல் கேட்டேன். "அன்னிக்கு ஏம்மா என்னைக் காட்டிக்கொடுக்கல?"

"உன்ன புட்ச்சிகினு பூடுவானுங்கோன்னு பயந்துட்டேன் சார்," என்றார்.

நான் பயந்தது எனக்காக என்று அவரிடம் சொல்ல அன்றும் வாய் வரவில்லை. பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.