கடலுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை

எனக்குச் சுகமில்லை என்பதைக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன், எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நல்லம். கொழும்பில் ஒரு பெரிய டாக்டர் மட்டும், இது உடம்பெல்லாம் நோகிற, எந்நேரமும் களைத்துப்போகிற ஒரு வருத்தம், இனிக் கூடவே இருக்கும் என்று சொல்லி, அதற்கு நீளமாக ஒரு பெயரும் சொன்னார். புத்தளம் வந்து சேர்வதற்குள் அந்தப் பெயர் பாதி உடைந்துவிட்டது. உம்மா கண்ணூறு என்றார். பக்கத்து வீட்டில் வாயு, கேஸ் என்றார்கள். கணவரின் மூத்த சகோதரி, கற்பிட்டியில் இருக்கிற என் மதினி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மொகம் நல்லாத்தானே இரிக்கி" என்றார். அதற்குப் பிறகு ஆறு வருடமாக, காணும்போதெல்லாம் அதையே சொன்னார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் வரும்போதெல்லாம் என் முகம் நன்றாகத்தான் இருக்கும். வாசலில் சலாம் கேட்டதும் எழும்பி, முகம் கழுவி, முக்காட்டைச் சரிசெய்து, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து சிரிப்பது நான்தானே. வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து, ஓலைக் கொட்டிலுக்குள் வைத்து எங்களை வளர்த்தவர்கள். அந்தக் கொட்டிலுக்கும் ஆள் வந்தால் படுத்திருக்கிற பிள்ளை எழும்பத்தான் வேண்டும். பழகிப்போய்விட்டது. வந்தவர்கள் படியிறங்கிய பிறகு இரண்டு நாள் கட்டிலோடு கிடப்பேன். அந்த இரண்டு நாளைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

அப்படிக் கிடந்த ஒரு நாள் போனில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. தீராத வலியுள்ளவர்கள் வெப்ப நாட்டுக் கடற்கரைக்கு விடுமுறை போவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதியிருந்தாள். விமானத்தில் காலை நீட்டி மடக்குங்கள், வெயிலுக்கு உடம்பை மெல்லப் பழக்குங்கள், தென்னை மரம் நிற்கிற அமைதியான இடமாகப் பாருங்கள். தலையைத் தூக்கினால் யன்னலுக்கு வெளியே தென்னை மரம் நிற்கிறது. வெயிலுக்கு நாற்பத்தைந்து வருடமாக உடம்பைப் பழக்கியிருக்கிறேன். அந்த மனுசி விமானம் ஏறி வந்து சேரப் பாடுபடுகிற சொர்க்கத்தில் நான் சோற்றுப் பானை கழுவிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. கடலுக்குள் கழுத்தளவு இருந்தால் உடம்பின் பாரம் போய்விடும் என்று எழுதியிருந்தாள். எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. ஒரே ஒரு தரம், அரை மணித்தியாலம், இந்த உடம்பை நான் சுமக்காமல் இருக்க வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். அவர் கடல் என்றாலே கற்பிட்டி என்று நினைக்கிற ஆள், பிறந்த ஊர். அங்கேதான் சிக்கல். கற்பிட்டிக்குப் போனால் மதினி வீட்டில்தான் தங்க வேண்டும். இரத்த உறவு இருக்கிற ஊரில் காசு கொடுத்து அறை எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்குக்குப் போகிற அளவுக்குப் பெரிய குற்றம். மதினி வீட்டில் தங்கினால் காலையிலிருந்து இரவு வரை எழும்பி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும், கடலுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஆகவே ஒளித்துப் போவது என்று முடிவெடுத்தோம். குடும்பத்துக்கு, கொழும்பில் கிளினிக், இரண்டு நாள் என்று சொன்னோம். கணவர் அந்தப் பொய்யைத் தன் ராத்தாவுக்கு, அதாவது என் மதினிக்கு, போனில் சொல்லும்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திட்டம் போடுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. வருத்தக்காரருக்கு வேறென்ன வேலை? கடற்கரையில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஒரு கபானாவுக்கு, ஓலைக் குடில் விடுதிக்கு, போன் எடுத்து, கட்டில் என் முழங்காலுக்கு மேலா கீழா, கக்கூசில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா, வாசலில் எத்தனை படி என்றெல்லாம் கேட்டேன். மனேஜர் சிலாபத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். கடல் கிட்டத்தான் மிஸ் என்றார். கிட்ட என்றால் எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்றேன். பாவம் மனுசன், போனைக் காதில் வைத்தபடியே நடந்து எண்ணி, எண்பத்து நான்கு என்றார். என் காலுக்கு அது நூறு. நல்லது, நூறு எட்டுக்கு நான் தயார். கடைசியாக, ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கடலுக்குள் போட்டு உட்காரலாமா என்று கேட்டேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை மிஸ், ஆனால் கதிரை இருக்கிறது என்றார்.

என் பெலன் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற பரல் மாதிரி. காலையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும், இடையில் நிரப்ப வழியில்லை. அதனால் ஒரு கிழமைக்கு முன்பே மிச்சம் பிடிக்கத் தொடங்கினேன். உடுப்புக் கழுவவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. பகலில் பெரிய சமையல் இல்லை, கடைப் பாணும் பருப்பும்தான். வெள்ளிக்கிழமை போய் இறங்குவது, பின்னேரம் வரை படுத்தே கிடப்பது, அஸர் தொழுதுவிட்டு வெயில் தணியக் கடலுக்குப் போவது. கட்டிலின் உயரத்திலிருந்து கடலின் தூரம் வரை எல்லாம் பார்த்த நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. ஒளிக்கப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையில் போகக் கூடாது.

போய் இறங்கிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. கணவர் தொப்பியைத் தட்டி மடித்துக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிடுகிறார். பயணத்தில் இருக்கிறவருக்கு ஜும்ஆ கடமையில்லையே என்று மார்க்கத்தை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "பொறந்த ஊருக்கு வந்துட்டு பயணி எண்டு அல்லாஹ்க்கிட்டச் சொல்லேலுமா?" என்று கேட்டார். கொழும்பில் இருப்பதாக ராத்தாவிடம் சொல்ல முடிந்த மனுசனுக்கு இது முடியவில்லை. ஒரு சமாதானமாக, ஊர்ப் பள்ளிவாசலை விட்டுவிட்டு, தூரத்தில் மீன்பிடிக்காரர் பக்கமிருக்கிற சின்னப் பள்ளிக்குப் போய்க் கடைசி வரிசையில் நிற்பதாகச் சொன்னார்.

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியது. அன்றைக்கு அந்தச் சின்னப் பள்ளியில் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு நிக்காஹ். மதினியின் புருஷன் அதற்கு வந்திருக்கிறார், பிந்தி வந்ததால் அவரும் கடைசி வரிசை. தொழுகை முடிந்து சலாம் கொடுத்து இடது பக்கம் திரும்பினால் பக்கத்தில் மச்சான். கொழும்பில் வார்டில் போட்டுவிட்டார்களா, ஆள் எப்படி என்று அவர் பதறிக் கேட்க, என் கணவர் பள்ளிக்குள் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியாமல் கபானாவின் பெயரையே சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபப்பட்டாலும் பெலன் குறையும் என்பதால் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அஸர் தொழுது முடிய, கடலுக்கென்று வைத்திருந்த பழைய அபாயாவைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் த்ரீவீல் சத்தம் கேட்டது. மதினியும் மச்சானும். பத்துப் பேருக்கு இடியப்பம், மீன் குழம்பு, ஒரு சட்டி வட்டிலப்பம். மச்சான் என் கணவரோடு வெளியில் நின்றுவிட, மதினி மட்டும் உள்ளே வந்தார். என் கால் தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. எழும்பினால் தேநீர் சொல்ல வேண்டும், கோப்பை எடுக்க வேண்டும், சிரிக்க வேண்டும். பரலில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும், மதினிக்கு அல்லது கடலுக்கு. கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவையாக நான் எழும்பவில்லை. படுத்தேன்.

மதினி கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கட ஊட்டுல ஒங்களுக்குப் படுக்க ஒரு கட்டில் இல்லாமலா போச்சு?"

"கட்டில் இரிக்கி மதினி. ஆனா ஒங்கட ஊட்டுக்கு வந்தா நான் படுக்கேலா. எழும்பித்தான் இரிக்கணும். எனக்கு இனி ஏலா."

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. கற்பிட்டி முழுவதும் இந்தக் கதை பொழுதுபட்டு மஃரிபு தொழ முன்னமே போய்விடும் என்று நினைத்தேன். மதினி வட்டிலப்பச் சட்டியை மேசையில் வைத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, இரண்டு தரம் முயன்று, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நானும் ஒங்கட ஊட்டுக்கு வாறத்துக்கு முந்தி நோவுக்கு ரெண்டு குளிசை போட்டுட்டுத்தான் வாற" என்றார். "வெங்காயத் தோட்டத்துல குனிஞ்சு குனிஞ்சு இடுப்புப் போயிட்டு. நீங்க அவ்வளவு சுறுக்கா எழும்பி வாறதப் பாத்தா, நான் எப்படி நோவுது எண்டு சொல்ற?"

ஆறு வருடமாக அவர் என் முகத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறார், நான் அவர் முகத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். இதற்காக எவ்வளவு பிளேன்டீ ஊற்றியிருப்போம்.

"வெயில் தணிஞ்சிட்டு, கடலுக்குப் போங்க" என்றார் மதினி. "நான் இதுல கொஞ்சம் சாயிறன்."

கணவர் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போக, நான் நூறு எட்டு நடந்தேன். எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கதிரையைப் போட்டு, அவர் பின்னால் பிடித்துக்கொள்ள, அபாயாவோடு உட்கார்ந்தேன். கதிரையின் கால்கள் மணலுக்குள் இறங்கின, தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தூரத்தில் பெரிய பட்டத்தில் தொங்கித் தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரன் எங்களைப் பார்த்துத் தண்ணீருக்குள் விழுந்தான். வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். பாரம் போனது. ஒரு அலை வந்து என்னைக் கதிரையிலிருந்து தூக்கி மெதுவாகத் திரும்ப வைத்தது, என் பக்கத்திலிருந்து ஒரு உதவியும் இல்லாமல். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன், யாருக்காகவும் இல்லை.

ஈரத்தோடு வந்து, வெளிக் குளியலறையில் உடுப்பு மாற்றி, அறைக்குள் பார்த்தால் மதினி வாய் திறந்து நித்திரை. நான் முழங்காலுக்கு அளந்து எடுத்த கட்டிலில் நடுவில் கிடக்கிறார். வீங்கின இரண்டு காலும் சேலைக்கு வெளியில் தெரிந்தன. கதவுச் சத்தத்தில் முழித்தவர், முதலில் கை முக்காட்டுக்குப் போக, உடனே எழும்பி உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியும்.

"நான் படுத்த கதைய ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். இன்னும் கொஞ்சம் படுங்கள் என்றேன். மதினி வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி இடம் விட்டுத் திரும்பவும் சாய்ந்தார். மற்றப் பக்கத்தில் நானும் படுத்தேன். இரண்டு பேரும் ஓலைக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

"ஒங்களுக்கு எங்க நோவுது?" என்று மதினி கேட்டார்.

தோளிலிருந்து தொடங்கினேன். முழங்காலுக்கு வருவதற்குள் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.