கழுவிய வில்

பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பளிச்சக்கா என்று கேட்டால் டாக்டர் முதல் லிஃப்ட்காரர் வரை கை காட்டுவார்கள். துப்புரவுப் பணியாளர்களுக்கு அவள் மேற்பார்வையாளர். துடைப்பத்தைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மற்றவர்கள் துடைத்துவிட்டுப் போன இடத்தை இவள் ஒரு முறை துடைத்தால்தான் அது துடைத்ததாகக் கணக்கு.

"அக்கா, தரையில முகமே தெரியுது, போதும் விடுங்க" என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் கெஞ்சுவார்கள்.

"தெரியுற முகத்துல மூக்கு மேல ஒரு புள்ளி இருக்கு பாரு" என்பாள்.

வீட்டிலும் அதே கூத்துதான். அரை மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் தன்னையும் துடைத்து மூலையில் சாத்திவிடுவாள் என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இன்னொரு குணமும் உண்டு. தப்பு என்மேல்தான் என்று அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. ஈரத்தரையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அவர் நடை சரியில்லை. சாம்பாரோ ரசமோ எதுவாயினும் உப்பு கூடிப்போனால் சாப்பிடுகிறவர் நாக்கு சரியில்லை. அவளோடு வாதாடி ஜெயித்தவர் அந்த மாடியில் இல்லை, அந்த வீட்டிலும் இல்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான் ஒரு வயலின் வந்து சேர்ந்தது.

கணவர் வேலை பார்க்கும் பஸ் டெப்போவின் மேல்மாடியில் பிள்ளைகளுக்கென்று ஓர் இசைக்குழு நடந்தது. பள்ளி விட்டு, அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை தெருவில் சுற்றுகிற பிள்ளைகளை எல்லாம் அங்கே சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வாத்தியத்தைக் கையில் கொடுத்து, ஒன்றாக உட்காரவைத்து வாசிக்கப் பழக்குவார்கள். கட்டணம் கிடையாது. வாத்தியத்தை வீட்டுக்கே கொண்டுபோகலாம். விதி ஒன்றே ஒன்று: வாத்தியம் குழுவுக்குச் சொந்தம், அதைக் கெடுத்தவர் கையில் அது இருக்காது. டீச்சர் சும்மா பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை. டிரம்பெட்டுக்குள் சுண்டெலியை விட்டுப் பார்த்த ஒரு மகானுபாவன் அன்றைக்கே வெறுங்கையோடு படியிறங்கினான்.

பளிச்சக்காவின் மகள் பேசாமடந்தை. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பள்ளியில் எல்லோரும் ஊமைக்கோட்டான் என்று கேலி செய்தார்கள். அந்தப் பெண் வயலினை எடுத்ததும் வேறு ஆளாகிவிடும். சாயங்காலம் கூடத்தில் நின்று வாசிக்கும்போது பளிச்சக்கா கையில் பிடித்த துணியோடு அப்படியே நின்றுவிடுவாள். அவளுக்கு இசையில் ஆனா ஆவன்னா தெரியாது. தன் பிள்ளைக்குள் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று மட்டும் தோன்றும்.

அந்த வருடக் கச்சேரியை மகள்தான் தொடங்கவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். முதலில் இவள் மட்டும் தனியாக, பிறகு எல்லோரும் சேர்ந்து. அதே இடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொரு பெண்ணும் இருந்தாள், பேக்கரிக்காரரின் மகள். கிடைக்கவில்லை என்றதும் அழுது ஆர்ப்பாட்டம் செய்து, இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கடைசி நாற்காலிதான் மிஞ்சியிருந்தது.

கச்சேரி நாள் காலையில், மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பளிச்சக்கா வயலின் பெட்டியைத் திறந்தாள். துடைத்து வைக்கலாம் என்றுதான். வயலின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. துடைத்தாள். பிறகு வில்லைப் பார்த்தாள். அதில் கட்டியிருந்த குதிரைமுடி முழுக்க அதே பொடி, கை பிடிக்கும் இடத்தில் கன்னங்கரேல் என்று அழுக்கு. இவ்வளவு பேர் பார்க்கப்போகிற நாளில் தன் மகள் கையில் இப்படி ஒரு அழுக்கா? அவளுக்கு மானமே போனதுபோல் இருந்தது. எலுமிச்சை வாசனை சோப்பை நன்றாகக் குழைத்து, முடியில் மேலும் கீழும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலோரம் உலரவைத்தாள். முடி புத்தம்புதிதாக மின்னியது. மகள் எழுவதற்குள் பெட்டியில் வைத்து மூடினாள். மேடையில் பார்த்து அசந்துபோகட்டும் என்று தனக்குள் ஒரு சிரிப்பு வேறு.

மாலையில் டெப்போவின் பழுதுபார்க்கும் கொட்டகையில் பஸ்களை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். விருந்தினர்கள் முன்னதாகவே வந்துவிட்டதால், யாரும் வாசித்துப் பார்க்கக்கூடாது, சத்தமே கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். தந்திகளை விரலால் மீட்டி அவரே சுருதி சேர்த்துக் கொடுத்தார்.

மகள் எழுந்து நின்றாள். வயலினைத் தோளில் வைத்தாள். வில்லை இழுத்தாள்.

சத்தம் வரவில்லை.

விரல்கள் ஓடின, கை போய் வந்தது, வில் தந்தியின்மேல் நன்றாகத்தான் ஊர்ந்தது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ஊமைக்கோட்டான் என்று பின்னால் ஏதோ ஒரு பொடிசு சொல்லிச் சிரித்தது. பளிச்சக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். எலுமிச்சை வாசனை அவள் மூக்கிலேயே இருந்தது. தான் எதைச் செய்தோம் என்று அவளுக்கு முழுசாக விளங்கவில்லை, ஆனால் தான்தான் செய்தோம் என்பது விளங்கிவிட்டது.

அந்தக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் வாசிப்பவரின் வாத்தியமோ வில்லோ கெட்டால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதைக் கொடுத்துவிடவேண்டும். அவருக்குப் பின்னால் இருப்பவர் தன்னுடையதை அவருக்குத் தரவேண்டும். கெட்டது அப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசி ஆளிடம் போய்ச் சேரும். கண் மூடித் திறப்பதற்குள் நல்ல வில் மகள் கைக்கு வந்தது, ஊமை வில் பின்னால் போனது. மகள் மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை கொட்டகையே கப்சிப் ஆனது. கடைசி நாற்காலியில் பேக்கரிக்காரர் மகள், வராத சத்தத்துக்காக, முடியும்வரை கையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்து விருந்தினர்கள் கிளம்பியதும் டீச்சர் நேராகக் கடைசி நாற்காலிக்குப் போனார். வில்லை வாங்கி முடியை விரலால் தடவினார்.

"சோப்பு" என்றார். "ரோசின்னு ஒரு பிசின், அந்தப் பொடி இருந்தாத்தான் முடி தந்தியப் பிடிக்கும். இதுல சோப்பு தேச்சா சத்தம் செத்துரும். பொறாமைல செய்யற வேலை இது. நான் படிக்கிற காலத்துல எனக்கே செஞ்சிருக்காங்க."

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கை மாறி வந்ததுதான் என்றாலும், வில் கிடைத்தது அவள் கையில்தான். ஆர்ப்பாட்டம் செய்தவளும் அவள்தான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"நான் இல்ல டீச்சர்" என்றாள் அவள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள் அப்பா, மாவு படிந்த சட்டையோடு, "டீச்சர், என் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரு செஞ்சது? செஞ்சவங்க இப்பவே சொல்லிரணும்."

பளிச்சக்கா வாயைத் திறந்தாள். வரவில்லை. சொன்னால் வயலின் போய்விடும், தன் பிள்ளை பழையபடி ஊமையாகிவிடும் என்று ஒரு பயம். ஆஸ்பத்திரிப் பெண்கள் நாலு பேர் கச்சேரிக்கு வந்திருக்கிறார்களே என்று இன்னொரு வெட்கம். எது பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் வந்து வில்லை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.  பிறகு டீச்சரிடம் திரும்பினாள்.

"நான்தான் டீச்சர் கழுவினேன். அழுக்கா இருந்துச்சு."

சொல்லிவிட்டு, வயலினைப் பெட்டியில் வைத்து, மூடி, டீச்சரின் காலடியில் கொண்டுபோய் வைத்தாள்.

பளிச்சக்கா டீச்சர் முன்னால் வந்து நின்றாள். தான் எப்போது எழுந்தோம், எப்படி நடந்தோம் என்று தெரியவில்லை.

"நான்தாங்க. அவ பொய் சொல்றா. காலைல நான்தான் கழுவினேன், அவளுக்குத் தெரியாது. தப்பு என்மேலதான்."

ஆஸ்பத்திரிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் வாயைப் பிளந்தபடி நின்றார். அவள் பேக்கரிக்காரர் மகளிடம் போய், "பாப்பா, என்னை மன்னிச்சிரு. நீ அழுறதப் பாத்துக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அந்தப் பெண் அப்பாவோடு ஒட்டி நின்றாள். அவள் அப்பா தன் சட்டைக் கையால் மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரும் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "நானும் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

பிறகு பெட்டியைக் குனிந்து எடுத்து மகளிடமே திருப்பிக் கொடுத்தார். பளிச்சக்காவின் கையில் வில்லையும் கண்ணாடிபோல் இருந்த ஒரு ரோசின் கட்டியையும் வைத்தார்.

"முதல்ல அலசி உலர வைங்க. அப்புறம் கை வலிக்கத் தேய்ங்க. சத்தம் திரும்ப வர நாளாகும்."

மறுநாள் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தேய்த்தாள். வெள்ளைப் பொடி மடியிலும் தரையிலும் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்ல மாட்டேன்னு நெனச்சேம்மா" என்றாள், சாதாரணமாக, மழை வராதுன்னு நெனச்சேன் என்பதுபோல.

கச்சேரியில் சத்தம் வராதபோதுகூட பளிச்சக்கா இப்படி ஆடிப்போகவில்லை. பத்து வருடம் கூடவே இருந்த பிள்ளை தன்னைப் பற்றி எடுத்து வைத்திருந்த கணக்கு இது. கை அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்தாதம்மா" என்றாள் மகள். "முடி இன்னும் தந்தியப் பிடிக்கல."